60 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டரா?

கேள்வி: நவம்பர் 8, மாலை 6.10

இரண்டடி நீளத் தொட்டி. தண்ணீர் சுமார் 60 லிட்டர். எட்டு நியான் டெட்ராக்களும் நான்கு கோரிடோராஸ் மீன்களும் இருக்கின்றன. இரவில் அறையின் வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 50, 100, 300 வாட் என்று மூன்று ஹீட்டர்களைப் பார்த்தேன். பெரியதையே வாங்குங்கள், அது சீக்கிரம் சூடாக்கிவிட்டு அணைந்துகொள்ளும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகாது என்று மீன் வளர்ப்பில் பழகிய ஒருவர் சொன்னார். சரிதானா?

நவம்பர் 8, இரவு 9.40

மின்சாரத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். தொட்டி எவ்வளவு வெப்பத்தை அறைக்குள் இழக்கிறதோ அவ்வளவைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே ஹீட்டரின் வேலை. அதை 50 வாட்டில் நெடுநேரம் கொடுத்தாலும் 300 வாட்டில் கொஞ்ச நேரம் கொடுத்தாலும் மாதக் கடைசியில் யூனிட் கணக்கு ஒன்றாகவே வரும். ஆனால் அவருடைய வாதம் முழுவதும் "அணைந்துகொள்ளும்" என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

என்னுடையது ஒரு நாள் அணையவில்லை. இதே இரண்டடித் தொட்டி, 200 வாட் ஹீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தபோது இருட்டில் ஹீட்டரின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அது வழக்கம்தானே என்று கடந்துபோகப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்த சத்தம்தான் என்னை நிறுத்தியது. எப்போதும் சில்லென்றிருக்கும் முன்கண்ணாடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு. தெர்மாமீட்டர் 34 காட்டியது. ஒன்பது நியான் டெட்ராக்களில் ஏழு அடியில் கிடந்தன. இரண்டு குராமிகள் மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து வந்து காற்றைக் கவ்விக்கொண்டு உயிரோடிருந்தன.

குராமிகள் பிழைத்தது தற்செயல் அல்ல. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைந்துவிடும். நீர் சூடாகச் சூடாக மீனுக்குத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. குராமியால் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்க முடியும். நியான் டெட்ராவுக்கு அந்த வசதி இல்லை.

எனவே 300 வாட் வேண்டாம். 100 வாட்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நவம்பர் 8, இரவு 11.20

படுக்கப் போனவன் திரும்பி வந்தேன், ஏனென்றால் மேலே பயமுறுத்தினேனே தவிர எண்ணைச் சொல்லவில்லை. என் தொட்டியில் நீருக்கும் அறைக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் ஐந்தரை வாட் வெளியேறுகிறது (இதை எப்படி அளந்தேன் என்று நாளை எழுதுகிறேன்). அறை 20 டிகிரியாக இருக்கையில் 26 டிகிரியில் ஹீட்டர் அணையாமல் ஒட்டிக்கொண்டால் நடப்பது இதுதான்: 300 வாட் மூன்று மணி நேரத்துக்குள் 36 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும், அங்கேயும் நிற்காது. 100 வாட் 32 டிகிரியைத் தொட எட்டரை மணி நேரம் ஆகும், அதாவது ஓர் இரவுத் தூக்கம். விட்டால் 38 வரை போகும். 50 வாட் எத்தனை நாள் எரிந்தாலும் 29 டிகிரியில் நின்றுவிடும், ஏனென்றால் அந்த நிலையில் அது கொடுப்பதும் தொட்டி இழப்பதும் சமமாகிவிடுகின்றன. 29 டிகிரி நியானுக்குப் பிடிக்காதுதான், ஆனால் நீங்கள் எழுந்து வரும் வரை பொறுத்துக்கொள்ளும்.

நவம்பர் 9, காலை 7.15

அளந்த விதம். லிட்டருக்கு ஒரு வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது உங்கள் அறையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. மூடியுள்ள தொட்டியா, சன்னலோரம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. தொட்டியிடமே கேட்டுவிடலாம். நீர் 26 டிகிரியில் நிலைத்திருக்கும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, 25 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு டிகிரி இறங்கினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,186 ஜூல் வேண்டும். 60 லிட்டருக்கு 2,51,160 ஜூல். என் தொட்டியில் அறை 20 டிகிரியாக இருந்தபோது அந்த ஒரு டிகிரி இறங்க 2 மணி 20 நிமிடம், அதாவது 8,400 வினாடி ஆயிற்று. வகுத்தால் 30 வாட். நீர் அந்த நேரத்தில் சராசரியாக அறையைவிட ஐந்தரை டிகிரி கூடுதலாக இருந்தது. எனவே டிகிரிக்குச் சுமார் ஐந்தரை வாட். இரண்டு இடத்திலும் ஐந்தரை வருவது தற்செயல், குழம்ப வேண்டாம். நானே முதலில் குழம்பினேன்.

இந்த எண் கையில் கிடைத்துவிட்டால் மற்றது வாய்க்கணக்கு. உங்கள் அறை எவ்வளவு தாழப் போகும், நீருக்கு எவ்வளவு வேண்டும், வித்தியாசத்தை ஐந்தரையால் பெருக்குங்கள். அறை 17 டிகிரிக்குப் போனாலும் 26 டிகிரியைக் காப்பாற்ற 50 வாட் சரியாகப் போதும். எங்கள் 200 வாட் அந்தத் தொட்டிக்கு யானைப் பசிக்கு அளந்த சோளப்பொரி அல்ல, சோளப்பொரிப் பசிக்குக் கட்டி வைத்த யானை.

நவம்பர் 11, இரவு 8.05

மூடி இல்லாத தொட்டி வைத்திருக்கும் ஒருவர், மேலே சொன்ன கணக்குப்படி 50 வாட் வாங்கி, 23 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை என்று எழுதியிருக்கிறார். என் தவறு. நான் அளந்தது கண்ணாடி மூடி போட்ட தொட்டியில் என்பதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று மூடியை எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். ஒரு டிகிரி இறங்க 1 மணி 20 நிமிடமே ஆயிற்று. அதாவது 52 வாட். கண்ணாடி வழியாகத்தான் பெரும்பாலான வெப்பம் போகிறது என்று இத்தனை ஆண்டு நினைத்திருந்தேன், அது சரியல்ல. மூடியில்லாத தொட்டியில் ஏறக்குறைய பாதி ஆவியாகப் போகிறது. இதைச் சரிபார்க்க ஒரு நாள் முழுவதும் மூடியில்லாமல் விட்டு, கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன்: நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் என்றால் அது 0.9 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 24 லட்சம் ஜூலுக்கு மேல் எடுத்துக்கொண்டுபோகும், 0.9 லிட்டரை ஒரு நாளில் பரப்பினால் 25 வாட். பேனாக் கோடும் கடிகாரமும் ஒரே விடையைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

மூடியில்லாத தொட்டிக்கு இரண்டு வழி. ஒரு மூடி வாங்குவது, அல்லது அடுத்த அளவு ஹீட்டர் வாங்குவது. முதல் வழியே மலிவு என்று பேனாக் கோடு சொல்கிறது. பின்பக்கமும் இரு பக்கவாட்டும் தெர்மாகோல் ஒட்டிப் பார்த்ததில் மூடியோடு சேர்த்து அந்த ஒரு டிகிரிக்கு 3 மணி 10 நிமிடம் கிடைத்தது, அதாவது 22 வாட். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் மீன் பார்ப்பதற்கு விட்டேன்.

நவம்பர் 12, காலை 6.50

"26 டிகிரி" என்று நான் எழுதும்போதெல்லாம் அது எந்தத் தெர்மாமீட்டரின் 26 என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒரே தொட்டியில் 24.5, 26, 26.8 என்று மூன்றும் மூன்று கட்சி. தொட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டும் பட்டை தெர்மாமீட்டர் பாதி நீரையும் பாதி அறையையும் அளக்கிறது, அதைப் போட்டியிலிருந்து நீக்கலாம். மற்றவற்றுக்கு, ஒரு டம்ளர் முழுக்க நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பி, இடுக்குகள் நிரம்பும் அளவு மட்டும் நீர் விட்டுக் கலக்கி, அதில் நிறுத்துங்கள். 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் அந்த 0.8ஐ அதன் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். 0வில் உள்ள பிழை 26இலும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாலும், எந்தத் தெர்மாமீட்டரை நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

ஹீட்டரின் திருகில் அச்சிட்ட எண்ணை நம்பவே வேண்டாம். அது குத்துமதிப்பு. என்னுடையதில் 26இல் வைத்தால் நீர் 24.5இல் நிற்கிறது, 27.5இல் வைத்தால் 26. திருகியபின் ஒரு நாள் காத்திருந்து பார்த்துத்தான் அடுத்த திருகல்.

நவம்பர் 15, இரவு 10.30

அந்தப் பழைய 200 வாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பரணில் ஒரு வாளிக்குள் இருந்தது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு (இனி யாரும் தவறிக்கூடச் செருகக் கூடாது), மேலே இருந்த ரப்பர் அடைப்பைக் கத்தியால் கீறிப் பிரித்து உள்ளே இருந்ததை உருவினேன். கீழே பீங்கான் தண்டில் சுற்றிய கம்பிச் சுருள். மேலே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய ஈருலோகப் பட்டை. வெப்பத்தில் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவு நீள்வதால் அது வளைந்து தொடர்பைப் பிரிக்க வேண்டும். அதன் நுனியில் மிளகளவு காந்தம், பட்டை தயங்கித் தயங்கிப் பிரியாமல் சட்டென்று பிரிய. காந்தத்தை ஒட்டி, தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு உலோகப் புள்ளிகள். அவை பிரியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சுற்றிலும் கரி படிந்து, நடுவில் ஒரு துளி ஈயம் சிந்தியது போல் உருகி ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினேன், வரவில்லை. கத்தி முனையால் நெம்பியபோது "டிக்" என்று ஒரு சத்தத்தோடு பிரிந்தது. ஏழு மீன்களைக் கொன்றது அந்தத் துளிதான்.

ஒவ்வொரு முறை அந்தப் புள்ளிகள் பிரியும்போதும் இடையில் ஒரு சிறு பொறி தாவுகிறது, அதில் உலோகம் கொஞ்சம் உருகுகிறது. இதனாலும் பெரிய ஹீட்டர் தீங்கு. 300 வாட்டுக்குப் போகும் மின்னோட்டம் 50 வாட்டுக்குப் போவதைப்போல் ஆறு மடங்கு. பொறியும் அதற்கேற்ப வலிது. அதோடு, ஒரு டிகிரி ஏற்ற இறக்கத்துக்குள் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், என் தொட்டியில் 50 வாட் ஒரு நாளைக்கு நான்கு முறை எரிந்து அணையும், 300 வாட் ஒன்பது முறை. உண்மையில் தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் அந்தப் பகுதி) தன்னைச் சுற்றியுள்ள நீரையே உணர்வதால் இரண்டுமே இதைவிட அடிக்கடி மாறும். "சீக்கிரம் அணைந்துகொள்ளும்" என்பதன் மறுபக்கம் இது.

அப்படியானால் எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் உள்ளது மேலா என்று கேட்பீர்கள். வெப்பநிலையைத் துல்லியமாகப் பிடிப்பதில் மேல்தான். ஆனால் உள்ளே ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால் அதற்கும் இதே புள்ளிகள் உண்டு, இதே ஒட்டல் உண்டு. டிரையாக் (அசையும் பாகமே இல்லாத மின்னணுச் சுவிட்ச்) இருந்தால் புள்ளிகள் இல்லை. ஆனால் டிரையாக் கெடும்போது பெரும்பாலும் மின்சாரம் பாயும் நிலையிலேயே கெடுகிறது. எண் காட்டும் திரை இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் உடையாது, பெரிய மீன் வளர்ப்பவர்களுக்கு நல்லது. ஆனால் உலோகம் என்பதால் எர்த் இல்லாமல் தொடவே கூடாது, பலவற்றில் தெர்மோஸ்டாட் தனியாகத்தான் வாங்க வேண்டும். பி.டி.சி. வகை சூடாகச் சூடாகத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், நீருக்கு வெளியே எரிந்தாலும் உருகிப்போகாது; ஆனால் நீருக்குள் இருக்கும்போது நீர் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அதுவும் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டேதான் போகும். திருகே இல்லாமல் ஒரே வெப்பநிலைக்குச் செய்து வருபவை 20 லிட்டருக்குக் கீழுள்ள தொட்டிகளுக்குப் பரவாயில்லை, உங்கள் மீனுக்கு அந்த வெப்பநிலை பிடிக்குமானால். தெர்மோஸ்டாட்டே இல்லாத சில வாட் ஹீட்டர்களும் விற்கின்றன. அவற்றை நான் ஹீட்டர் என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் 16, மதியம் 1.10

சரளைக்கல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது இடத்தை அடைத்துக்கொள்வதால் 60 லிட்டர் இருக்கவே முடியாது என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரி. 8 கிலோ சரளைக்கல் 3 லிட்டர் நீரை வெளியேற்றும். ஆனால் கல்லும் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும், எடைக்கு எடை நீரில் ஐந்தில் ஒரு பங்கு; எனவே ஒன்றரை லிட்டர் திரும்பி வந்தது. தொட்டியின் கண்ணாடியே 12 கிலோ இருக்கும், அதிலிருந்து இன்னும் இரண்டரை லிட்டருக்குச் சமமான வெப்பம். மூன்று போய் நான்கு வந்தது; 61. ஒரு மணி நேரம் கணக்குப் போட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

நவம்பர் 20, இரவு 9.15

எங்கே வைப்பது என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. ஃபில்டரிலிருந்து நீர் வெளியே பாயும் இடத்துக்கு அருகில், முடிந்தால் படுக்கை வாட்டில், தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே. சூடான நீர் தானாக மேலேறும் என்பதால் கீழே வைத்தால் தொட்டி முழுவதும் ஒரே சீராக இருக்கும். செங்குத்தாக வைப்பவர்கள் குழாயின் மேல் குறித்திருக்கும் குறைந்தபட்ச நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். சரளைக்கல்லில் புதைக்கவே கூடாது. பிளெக்கோ போல் ஒட்டிக்கொள்ளும் மீன் இருந்தால் பிளாஸ்டிக் கூண்டு அவசியம், அது சூடான குழாயின் மேலேயே படுத்துத் தோலைச் சுட்டுக்கொள்ளும். ஆஸ்கார் போன்ற பெரிய மீன்கள் வாலால் அடித்தே ஹீட்டரின் கண்ணாடியை உடைத்துவிடும்.

படுக்கை வாட்டில் இருப்பதன் பெரிய நன்மை தண்ணீர் மாற்றும்போதுதான் தெரியும். என் முதல் ஹீட்டர் செங்குத்தாக இருந்தது. பாதித் தண்ணீரை எடுத்தேன், பிளக்கைப் பிடுங்க மறந்தேன், குழாயின் மேல்பாதி காற்றில் நின்று காய்ந்தது. புது நீரை ஊற்றிய நொடியில் சுள்ளி முறிவது போல் ஒரு சத்தம். பார்த்தால் எங்கும் விரிசலே தெரியவில்லை. மறுநாள் குழாயின் உள்பக்கம் பனி மூடியது போல் மங்கியிருந்தது. அதற்குள் நான் இரண்டு முறை தொட்டிக்குள் கைவிட்டிருந்தேன். உயிரோடு இதை எழுதுவதற்குக் காரணம் வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்ததா, அல்லது வெறும் அதிர்ஷ்டமா என்று தெரியவில்லை. அது அன்று துண்டித்திருந்தது, நான் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மீண்டும் போட்டுவிட்டேன்!

ஆகவே: கை நனையும் முன் பிளக் வெளியே. பிடுங்கிய பிறகும் குழாய் ஆற கால் மணி நேரம். ஒயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஹீட்டரின் மேல் ஐ.பி.எக்ஸ்.8 என்றோ ஐ.பி.68 என்றோ இருக்கிறதா பாருங்கள். கடைசி இலக்கம் 7 என்றால் கொஞ்ச நேரம் மூழ்கலாம் என்று பொருள், எப்போதும் மூழ்கியிருக்க 8 வேண்டும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஹீட்டருக்கு முன் அதை வாங்குங்கள்.

நவம்பர் 23, காலை 8.00

தங்க மீனுக்கு எத்தனை வாட் என்று கேட்டவருக்கு: எதுவும் வேண்டாம். 18 முதல் 22 டிகிரி அதற்கு உகந்தது, அதற்குக் கீழேயும் தாங்கும். பெட்டாவுக்கு 25 முதல் 28, டிஸ்கஸுக்கு 28 முதல் 30. உங்கள் அறை ஆண்டு முழுவதும் மீன் விரும்பும் எல்லைக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் ஹீட்டர் வேண்டாம். பகலில் 28, இரவில் 21 என்று நாள்தோறும் ஏறி இறங்கும் தொட்டிதான் வெண்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய்க்கு வாசலைத் திறந்து வைக்கிறது; அங்கே ஹீட்டரின் வேலை சூடாக்குவது என்பதைவிட இறங்கவிடாமல் பிடித்துவைப்பது.

டிசம்பர் 3, இரவு 7.30

ஹீட்டருக்கு வெளியே தனியாக ஒரு தெர்மோஸ்டாட் கருவியை வாங்கி, ஹீட்டரின் பிளக்கை அதில் செருகிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று நான் தனியாகக் கேட்ட சிலருக்குச் சொல்லியிருந்தேன். கருவியை 26இலும் ஹீட்டரின் சொந்தத் திருகை 28இலும் வைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றொன்று அணைக்கும். இப்போதும் அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

தண்ணீர் மாற்றிய பின் கருவியின் உணர்முனையைத் தாங்கிய சக்‌ஷன் கப் கழன்று, முனை தொட்டிக்கு வெளியே மேசைமேல் விழுந்து கிடந்தது. கருவி மேசையை 19 டிகிரி என்று அளந்து, மேசை 26 டிகிரி ஆகும் வரை சூடாக்குவது என்று உறுதி பூண்டது. இரவு பத்து மணிக்கு மீனுக்குத் தீனி போடப் போனபோது நீர் 28. ஹீட்டரின் சொந்தத் திருகு மட்டுமே அதை நிறுத்தியிருந்தது. அந்தத் திருகைத்தான், கருவி இருக்கிறதே என்று 32இல் வைத்துவிடலாமா என்று போன வாரம் யோசித்தேன்.

உணர்முனையைச் சக்‌ஷன் கப்பில் தொங்கவிடாதீர்கள். ஃபில்டரின் உறிஞ்சு குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

டிசம்பர் 4, காலை 6.40

கட்டினேன். நைலான் கட்டு, இரண்டு.

டிசம்பர் 19, இரவு 11.50

எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. 26இல் இருந்த நீர் 23.5க்கு இறங்கியது, அறை 17. போர்வையைத் தொட்டியின் மேல் போர்த்தியதும் தெர்மாகோலும் உதவின. கணக்குப்படி 60 லிட்டர் நீர் அறையோடுள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கவே ஏறக்குறைய 13 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 20 லிட்டர் தொட்டி அதைவிட வெகு சீக்கிரம் ஆறிவிடும். குளிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் வெந்நீரை ஊற்றாதீர்கள். இந்நேரம் மீனுக்கு முதல் கவலை ஃபில்டர் நின்று ஆக்ஸிஜன் குறைவதுதான்; பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் அதை ஓடவிடுங்கள். மின்சாரம் வந்தபின் ஹீட்டரே மெதுவாக ஏற்றிக்கொள்ளட்டும். இந்த விஷயத்தில் 50 வாட்டின் மெத்தனமே நமக்கு நன்மை.

ஜனவரி 7, மாலை 5.20

முதலில் கேள்வி கேட்டவர் இரண்டு 50 வாட் வாங்கிவிட்டார். இரண்டையும் 25இல் வைத்தும் ஒன்று மட்டுமே எரிகிறது, மற்றொன்று பழுதா என்கிறார். பழுதில்லை. இரண்டு திருகுகளும் ஒரே இடத்தில் இருந்தாலும் இரண்டும் ஒரே வெப்பநிலையில் விழித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் மேலே விழிப்பது எல்லா வேலையையும் செய்துவிடும், மற்றது வேடிக்கை பார்க்கும். அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒன்றை 25இலும் மற்றதை 23இலும் வேண்டுமென்றே வையுங்கள். முதலாவது செத்துவிட்டால் இரண்டாவது 23இல் தாங்கிக்கொள்ளும், தொட்டியில் இரண்டு டிகிரி குறைந்ததைப் பார்த்து உங்களுக்கும் செய்தி தெரியும். முதலாவது ஒட்டிக்கொண்டால் இரண்டாவது எரியவே எரியாது, 29க்கு மேல் போகாது.

ஜனவரி 7, இரவு 10.05

மேலே எழுதியதில் ஓர் ஓட்டை. 29க்கு மேல் போகாது என்றது அறை 20ஆக இருக்கும் வரைதான். 50 வாட் எப்போதும் அறையைவிட ஒன்பது டிகிரி மேலே கொண்டுபோகும். கோடையில் அறை 30 என்றால் ஒட்டிக்கொண்ட அதே 50 வாட் 39ஐத் தொடும். தெர்மோஸ்டாட்தான் அணைத்திருக்கிறதே என்று ஆண்டு முழுவதும் பிளக்கிலேயே விட்டு வைக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது அறை 24க்கு மேல் நிலைத்த அன்றே இரண்டையும் பிடுங்கி, ஆறியபின் எடுத்துத் துடைத்து, அந்தப் பழைய 200 வாட் கிடந்த வாளியில் போட்டு வைக்கிறேன். அடுத்த குளிருக்கு எடுக்கும்போது முதலில் ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஓடவிட்டு, தெர்மாமீட்டரை அருகில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள்.